ஒரே ஒரு ஆணிக்காக வருத்தப்பட்டவர்: மணற்கல் பாறை வளர்த்த ஃப்ரிட்ஸ் வீஸ்னரின் கதை

1937 ஜூன் 28. அமெரிக்காவின் வயோமிங் மாநிலம். ராட்சத மரம் ஒன்றை யாரோ வெட்டிச் சாய்த்துவிட்டு அடிக்கட்டையை மட்டும் விட்டுப்போன மாதிரி, பரந்த வெளியில் தனியாக ஒரு பாறை நிற்கிறது. டெவில்ஸ் டவர். ஸ்பீல்பெர்க்கின் 'க்ளோஸ் என்கவுன்டர்ஸ் ஆஃப் த தேர்ட் கைண்ட்' பார்த்தவர்களுக்கு உடனே ஞாபகம் வரும், வேற்றுக்கிரகவாசிகள் வந்து இறங்குகிற இடம். அடியிலிருந்து உச்சி வரை சுமார் 265 மீட்டர். நாலா பக்கமும் செங்குத்து.

அதற்கு 44 வருடம் முன்பே, 1893-ல், உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் இதன் உச்சிக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் எப்படி? பாறை விரிசலில் மரக் கட்டைகளை வரிசையாக அடித்து இறக்கி, ஏணி கட்டி ஏறினார்கள். 1937-ல் வந்த மூன்று பேர் ஏணி கொண்டு வரவில்லை. கை, கால், விழுந்தால் பிடிக்க ஒரு கயிறு. முன்னால் ஏறியவருக்கு வயது 37, ஜெர்மன் உச்சரிப்பு, பெயர் ஃப்ரிட்ஸ் வீஸ்னர். கூட வந்தவர்கள் பில் ஹவுஸ், லாரன்ஸ் கோவெனி. சுமார் 5 மணி நேரத்தில் உச்சி தொட்டார்கள். வழியில் வீஸ்னர் பாதுகாப்புக்காகப் பாறையில் அடித்த இரும்பு ஆணி ஒன்றே ஒன்று.

அந்த ஒன்றுக்காகத்தான் அவர் பின்னால் வருத்தப்பட்டார். அது இல்லாமலே ஏறியிருக்கலாம், தேவையில்லாமல் அடித்துவிட்டேன் என்பது அவர் எண்ணம்.

டெவில்ஸ் டவர் எரிமலைக் குழம்பு இறுகி உருவான கெட்டிப் பாறை. ஒரு ஆணியால் அதற்கு என்ன ஆகிவிடப்போகிறது? நியாயமான கேள்விதான். ஆனால் வீஸ்னருக்கு ஏறக் கற்றுக்கொடுத்த பாறை வேறு. அது, விரலால் அழுத்தித் தேய்த்தாலே மணலாக உதிர்கிற பாறை.

டிரெஸ்டன் பையன்

வீஸ்னர் பிறந்தது 1900 பிப்ரவரி 26, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில். ஊர் வழியாக எல்பே ஆறு ஓடுகிறது. ஆற்றோடு தெற்கே செக் எல்லைப் பக்கம் போனால், காட்டுக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான பாறைக் கோபுரங்கள். 'சாக்சன் சுவிட்சர்லாந்து' என்று பெயர். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த மணல்தான் இறுகிக் கல்லாகி, பின்பு ஆறும் மழையும் அறுத்து அறுத்துக் கோபுரங்களாக நிற்கிறது. டிரெஸ்டனின் புகழ்பெற்ற ஃபிரௌவன்கிர்ஷே தேவாலயமே இந்தக் கல்லில் கட்டியதுதான். அதாவது, வெட்டிச் செதுக்க வசதியான கல். அந்த வசதிதான் ஏறுகிறவர்களுக்குச் சிக்கல்.

மணற்கல் எப்படி உருவாகிறது என்று புரிய, கடலை உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கடலை என்பது மணல். அதைப் பிடித்து வைத்திருக்கும் பாகுதான் சிமென்ட் மாதிரியான பொருள்: சிலிக்கா, இரும்பு ஆக்சைடு, சுண்ணாம்பு, களிமண் என்று பாறைக்குப் பாறை மாறும். சிலிக்காப் பாகு நன்றாகப் பிடித்திருந்தால் கல் இரும்பு மாதிரி. களிமண் அதிகம் என்றால் நிலைமை வேறு. மழைக்காலத்தில் கடலை உருண்டை நமுத்துப்போவது போல, தண்ணீர் பட்டால் அந்தப் பிடி தளரும். சில வகை மணற்கல் முழுசாக நனையும்போது தன் வலிமையில் பாதிக்கும் மேல் இழந்துவிடும். பீச்சில் ஈர மணல்தான் கோட்டை கட்ட நிற்கும், காய்ந்த மணல் சரியும். கல்லில் அப்படியே தலைகீழ்.

இன்னொரு விஷயம், தோல். பாறைக்குள் இருக்கும் ஈரம் மெதுவாக வெளியே வந்து காயும்போது, அதோடு வந்த கனிமங்கள் மேற்பரப்பில் தங்கி, ஒரு கெட்டியான பொருக்கை உண்டாக்குகின்றன. இது உருவாக மிக நீண்ட காலம் ஆகும். ஏறுகிறவர் கை வைப்பது, கால் வைப்பது எல்லாம் இந்தத் தோலின் மேல்தான். அது ஒருமுறை பெயர்ந்தால் உள்ளே இருப்பது வெறும் மணல். அடுத்த மழை, அடுத்த ஆள், அடுத்த ஷூ என்று அந்தக் குழி பெரிதாகிக்கொண்டே போகும். நம் ஆட்களின் வாழ்நாளுக்குள் அது ஆறாது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று விடாமுயற்சிக்குச் சொல்வோமே, இங்கே அது அப்படியே நிஜம். என்ன, எறும்புக்குப் பதில் மனிதர்கள்.

ஏறலாம், ஆனால்...

இந்தக் கோபுரங்களில் ஆட்கள் ஏறத் தொடங்கியது 1864-ல். பாட் ஷண்டாவ் ஊரைச் சேர்ந்த உடற்பயிற்சிக் குழுவினர் ஃபால்கென்ஸ்டைன் என்ற பெரிய கோபுரத்தில் ஏணிகளின் உதவியோடு ஏறினார்கள். பத்து வருடம் கழித்து, 1874-ல், வேறு இரண்டு பேர் ஏணி எதுவும் இல்லாமல் மோங்க் என்ற கோபுரத்தில் ஏறிக் காட்டினார்கள். அதன் பிறகு மோகம் தொற்றிக்கொண்டது. ஆஸ்கர் ஷூஸ்டர், டிரெஸ்டனுக்கு வந்து தங்கிய அமெரிக்க இளைஞர் ஆலிவர் பெர்ரி-ஸ்மித் என்று ஒரு பட்டாளமே இறங்கியது. ஆட்கள் கூடக்கூட, கைப்பிடி செதுக்குவது, ஆணி அடித்து அதில் கால் வைத்து ஏறுவது என்ற குறுக்குவழிகளும் கூடின.

அப்போதுதான் ருடால்ஃப் ஃபேர்மன் வருகிறார். வக்கீல். இந்தப் பகுதிக்கான கிளைம்பிங் கையேட்டை 1908-ல் எழுதியவர். 1913-ல் வந்த அதன் அடுத்த பதிப்பில் விதிகளை எழுத்தில் போட்டார். சிம்பிளாகச் சொன்னால்: பாறையைச் செதுக்காதே, செயற்கைப் பொருள் எதையும் பிடித்து ஏறாதே. இரும்பு வளையம் இருந்தால் அது விழுந்தால் பிடிப்பதற்கு, ஏறுவதற்கு அல்ல. இன்று உலகம் முழுக்க 'ஃப்ரீ கிளைம்பிங்' என்கிறோமே, அதன் ஆரம்பகால எழுத்துச் சட்டங்களில் முக்கியமானது இது. (பாறையிடம் இவ்வளவு நாகரிகம் கேட்ட ஃபேர்மன் பின்னாளில் நாஜி கட்சியில் சேர்ந்தார், 1948-ல் சோவியத் சிறை முகாமில் இறந்தார். நல்ல விதி எழுதுகிறவர் எல்லாவற்றிலும் நல்லவராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை போல.)

1913-ல் வீஸ்னருக்கு வயது 13. இந்த விதிகள் அவருக்குப் பிறகு வந்து சேர்ந்த சட்டம் இல்லை, ஏறப் பழகும்போதே கூட வந்த இலக்கணம். முதல் உலகப்போரின் கடைசியில் ராணுவத்துக்குப் போய்த் திரும்பிய பிறகு, 1920-களின் தொடக்கத்தில் எல்பே பாறைகளில் அன்றைய கடினமான புதிய வழிகள் பலவற்றை ஏறினார். வேதியியல் படித்தவர், வார நாட்களில் வேலை, வார இறுதியில் பாறை. இன்றைய ஐடி ஆட்களின் டைம் டேபிள்தான்.

அந்தப் பாறையில் ஏறுவது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். ஏனென்றால் விதிகள் இன்றும் கிட்டத்தட்ட அதேதான்.

பொதுவாக வேறு இடங்களில், முன்னால் ஏறுகிறவர் விரிசலுக்குள் உலோகக் கட்டைகளையோ ஸ்பிரிங் வைத்த கேம்களையோ செருகி, அதில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவார். விழுந்தால் அது பிடிக்கும். எல்பே மணற்கல்லில் இதற்கு அனுமதி இல்லை. விழும் ஆளின் பாரம் மொத்தமும் அந்த உலோகத்தின் விளிம்பு வழியாகப் பாறையில் இறங்கும், மெத்துப் பாறை உடைந்துவிடும். அதற்குப் பதில் என்ன? துணிக் கயிறு. கயிற்றில் முடிச்சுப் போட்டு, விரிசல் எங்கே குறுகுகிறதோ அங்கே அந்த முடிச்சைத் திணிப்பார்கள். மெலிசான முடிச்சிலிருந்து கைமுட்டி அளவு முடிச்சு வரை ஒரு மாலையாகவே தோளில் தொங்கும். முடிச்சு மிருதுவானது, பாரம் பட்டால் தானும் நசுங்கும், கல்லை அவ்வளவு காயப்படுத்தாது.

விரிசலே இல்லாத இடங்களில் தடியான இரும்பு வளையங்கள் உண்டு. அவற்றையும் இஷ்டத்துக்கு அடிக்க முடியாது. முதன்முதலில் அந்த வழியில் ஏறுகிறவர், கீழிருந்து ஏறிக்கொண்டே அடிக்க வேண்டும். அதனால் இரண்டு வளையங்களுக்கு நடுவே பெரிய இடைவெளி இருப்பது சகஜம். அந்த இடைவெளியில் கை நழுவினால் நீண்ட விழுகை. மெத்துப் பாறையைக் காப்பாற்ற, ரிஸ்க்கை மனிதன் மேல் ஏற்றியிருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லலாம். இது சரியா என்று அங்கேயே விவாதம் உண்டு. வளையங்களைக் கூட்டினால் என்ன என்று இளைய தலைமுறை கேட்பதும், ஒவ்வொரு துளையும் திரும்ப மூட முடியாத ஓட்டை என்று பெரியவர்கள் சொல்வதும் தொடர்கிறது. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் ஒன்று: யாரும் ஏறியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாறைக்கு அந்த சாய்ஸ் கிடையாது.

கை வியர்வைக்குப் போடும் வெள்ளைப் பவுடர், அதாவது சாக், அதுவும் இங்கே கூடாது. வியர்வையோடு சேர்ந்து பாறையின் நுண்துளைகளில் அடைத்துக்கொள்ளும், கறையும் போகாது. பழைய காலத்தில் ஆணி வைத்த மலையேற்ற பூட்ஸைக் கழற்றிவிட்டு, அடியில் கம்பளித் துணி வைத்த காலணியோ வெறுங்காலோ என்று ஏறினார்கள். வெறுங்கால் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. முக்கியமாக, பாறை நனைந்திருந்தால் யாரும் ஏறக்கூடாது. அங்கே எல்லாப் பாறைச் சுவரிலும் ஏறவும் முடியாது. தனியாக நிற்கும் கோபுரங்களில் மட்டும், அவையே 1,100-க்கு மேல் இருக்கின்றன.

கயிறு ஒன்று, விதி இரண்டு

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று. இங்கிலாந்தின் தென்கிழக்கில், கிரூம்பிரிட்ஜ் பக்கம் ஹாரிசன்ஸ் ராக்ஸ் என்ற இடம். இன்னும் மெத்தான மணற்கல். அங்கே வழக்கம் மேலிருந்து கயிறு தொங்கவிட்டு ஏறுவது. கீழிருந்து எதையாவது செருகிக்கொண்டு ஏறினால் விரிசல் பெயர்ந்துவிடும் என்பதால். எல்பேயிலோ மேலிருந்து கயிறு போட்டு ஏறப் பெரும்பாலும் அனுமதி இல்லை. கயிறு விளிம்பில் திரும்பத் திரும்ப உரசி, பழைய கிணற்றுக் கல்லில் பள்ளம் விழுந்த மாதிரி அறுத்துவிடும் என்பதால்.

ஒரே அக்கறை, நேரெதிர் விதி. இங்கிலாந்துக்காரர்கள் அந்த உரசலை வேறு விதமாகச் சமாளிக்கிறார்கள். மேலே மரத்திலோ நங்கூரத்திலோ, இழுபடாத தடித்த கயிறு ஒன்றைக் கட்டி, அதைப் பாறை விளிம்பைத் தாண்டிக் கீழே தொங்கவிடுவார்கள். அதன் நுனியில் கொக்கி. ஏறுகிறவரின் கயிறு அந்தக் கொக்கிக்குள் மட்டும்தான் ஓடும், பாறையைத் தொடாது. மேலே போனதும் கயிற்றில் தொங்கி இறங்கக் கூடாது, நடந்து இறங்க வேண்டும். ஆக, மணற்கல்லுக்கு ஒரே விதி என்று எங்கும் கிடையாது. அந்தந்தக் கல் எங்கே உடைகிறது என்று பார்த்து எழுதிய விதி. போகும் இடத்தின் விதியை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவதுதான் முதல் மரியாதை.

கடல் தாண்டிய பழக்கம்

வீஸ்னர் ஆணியே தொடாத சாமியார் இல்லை. 1925-ல் ஆல்ப்ஸ் மலையில் ஃபிளைஷ்பாங்க் தென்கிழக்குச் சுவர், டோலமைட்ஸில் ஃபுர்செட்டா வடக்குச் சுவர் என்று அந்தக் காலத்தின் பெரிய ஏற்றங்கள் இரண்டை ஒரே வருடத்தில் முடித்தார். அந்த உயரங்களில் ஆணி அடிப்பது வழக்கம், அவரும் அடித்தார். ஆனால் எண்ணி அடித்தார்.

1929-ல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். வேதியியல் தொழில்தான் சோறு போட்டது. பனிச்சறுக்குப் பலகைக்கான மெழுகுகூடத் தயாரித்து விற்றார். பாறை ஏறும் திறனில் அப்போது அமெரிக்கா ஐரோப்பாவைவிட ரொம்பவே பின்தங்கியிருந்தது. 1935-ல் கனெக்டிகட் மாநிலத்தின் ரேகட் மவுன்டன் பாறையில் 'வெக்டர்' என்ற வழியை ஏறினார். அன்றைய அமெரிக்காவில் மிகக் கடினமான ஏற்றங்களில் ஒன்று. அதே வருடம், ஹட்சன் ஆற்றங்கரைப் பாறை ஒன்றில் ஏறிக்கொண்டிருந்தபோது இடி மழை வந்து ஓய்ந்தது. வானம் தெளிந்ததும் தூரத்தில் வெள்ளைக் கோடாக ஒரு பாறைத் தொடர் பளிச்சென்று தெரிந்தது. அடுத்து அங்கேதான் போனார். அதுதான் ஷாவங்கங்க்ஸ், செல்லமாக 'கங்க்ஸ்'. நியூயார்க்கிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். இன்று அமெரிக்காவில் அதிகம் பேர் ஏறும் பாறைகளில் ஒன்று.

கங்க்ஸ் மெத்துக் கல் இல்லை, குவார்ட்ஸ் கூழாங்கற்கள் இறுகிய கெட்டிப் பாறை. ஆனாலும் வீஸ்னர் அங்கே எல்பே பழக்கத்தோடுதான் ஏறினார். 1941-ல் ஹான்ஸ் கிராஸ் என்ற மருத்துவரோடு சேர்ந்து ஏறிய 'ஹை எக்ஸ்போஷர்' வழிக்கு இப்போதும் வார இறுதியில் வரிசை நிற்கிறது. (அதிபர் கென்னடியின் முதுகு வலிக்குப் பின்னாளில் சிகிச்சை கொடுத்தவர் இதே கிராஸ்.)

கே2: ரிஸ்க் யாருடையது?

வீஸ்னரைப் பற்றிப் பேசினால் 1939-ஐத் தாண்டிப் போக முடியாது. உலகின் இரண்டாவது உயரமான மலையான கே2-வுக்கு, 8,611 மீட்டர், ஒரு அமெரிக்கக் குழுவை அவர் வழிநடத்திப் போனார். ஜூலை 19 அன்று அவரும் ஷெர்பா பசாங் தாவா லாமாவும் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் 8,370 மீட்டருக்கு மேல் போய்விட்டார்கள். மேலே மிச்சம் சுமார் 240 மீட்டர். வழி இரண்டு: வலப்பக்கம் பனிச் சரிவு, இடப்பக்கம் பாறை. வீஸ்னர் பாறையைத் தேர்ந்தெடுத்தார். சிறு வயதிலிருந்து நம்பிய பொருள் அதுதானே. நேரம் அதிகம் பிடித்தது, மாலையாகிவிட்டது. இருட்டில் மேலே போக பசாங் மறுத்தார், கயிற்றை விடவில்லை. வீஸ்னர் திரும்பினார். அந்த உச்சியை மனிதர் தொட இன்னும் 15 வருடம் ஆனது.

இறங்கும் வழியில், பனியில் நடக்கக் காலில் மாட்டும் முள் தகடுகள் நழுவி விழுந்துவிட்டன. மறு முயற்சி எடுபடவில்லை. கீழே வந்தால், தூக்கப் பைகளோடு தயாராக இருக்க வேண்டிய முகாம்கள் ஒவ்வொன்றாகக் காலி. நடுவில் ஒரு முகாமில் தங்கிய அமெரிக்கர் டட்லி வுல்ஃப் இறங்கவே இல்லை. அவரைக் கொண்டுவர மேலே போன பசாங் கிக்குலி, பசாங் கிடார், ஃபின்சூ என்ற மூன்று ஷெர்பாக்களும் திரும்பவில்லை. நான்கு உயிர்கள்.

முகாம்களை யார் சொல்லி யார் காலி செய்தது என்ற சர்ச்சை பல பத்தாண்டு ஓடியது. அமெரிக்க ஆல்பைன் கிளப் விசாரணை நடத்தியது, பழி பெருமளவு தலைவர் மேல் விழுந்தது. ஜெர்மனியோடு போர் மூண்ட நேரம், ஜெர்மன் பெயர். 1941-ல் வீஸ்னர் கிளப்பிலிருந்து விலகினார். 1966-ல் அதே கிளப் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது.

பழி எவ்வளவு நியாயம் என்பது தனிக் கட்டுரை. ஆனால் எல்பேயிலிருந்து இந்த இடத்துக்கு வரும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. அங்கே விதி பாறையைக் காப்பாற்றியது, அதற்கான விலையை, நீண்ட விழுகையை, ஏறுகிறவர் தானே கொடுத்தார். கே2-வில் ஏறும் ஆசை ஒருவருடையது, விலை கொடுத்த மூன்று பேர் கூலிக்கு வந்தவர்கள். வீஸ்னரின் வாழ்க்கையை எழுதும் பலரும் கடைசி 240 மீட்டரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஃபின்சூவுக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். பசாங் தாவா லாமா 1954-ல் சோ ஓயு உச்சியை முதன்முதலில் தொட்ட குழுவில் இருந்தார் என்பதாவது பதிவாகியிருக்கிறது.

அறுபது வருடம் லேட்

போர் முடிந்த பின் வீஸ்னர் கல்யாணம் செய்துகொண்டு, வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோ ஊரில் குடும்பத்தோடு வசித்தார். ஏறுவதை விடவில்லை. அதற்குள் அமெரிக்காவில் கிளைம்பிங் பரவிவிட்டது, கூடவே ஆணியும். 1960-களில் கடின எஃகு ஆணிகள் பரவலாகப் பயன்பட்டன. முன்னால் போகிறவர் அடிப்பார், பின்னால் வருகிறவர் இரண்டு பக்கமும் தட்டிப் பிடுங்குவார், அடுத்த குழு அதே இடத்தில் மறுபடி அடிக்கும். கிரானைட்டிலேயே விரிசல்கள் விரல் அளவுக்கு ஓட்டை ஓட்டையாகிவிட்டன. கெட்டிப் பாறைக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை அத்தோடு போனது.

கங்க்ஸில் ஜான் ஸ்டானார்ட் போன்றவர்கள் ஆணி வேண்டாம் என்று பிரச்சாரம் செய்தார்கள். 1972-ல் இவான் ஷுனார்டின் நிறுவனம், ஆணி விற்றே வளர்ந்த நிறுவனம், தன் விற்பனைக் கேட்லாக்கிலேயே ஆணியை விடுங்கள், கையால் செருகி கையால் எடுக்கும் உலோகக் கட்டைகளுக்கு மாறுங்கள் என்று சொன்னது. 'கிளீன் கிளைம்பிங்' என்று அதற்குப் பெயர் வந்தது. ஆணி அடிக்காமல் ஏற முடியும் என்பது எல்பே கரையில் எப்போதோ தெரிந்த சங்கதி. ஃபேர்மனின் விதிகளுக்கும் அந்தக் கேட்லாக்குக்கும் நடுவே 59 வருடம். டெவில்ஸ் டவரில் வீஸ்னர் ஒரு ஆணிக்கு ஏன் வருந்தினார் என்பது அமெரிக்கர்களுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்திருக்கும்.

(டெவில்ஸ் டவர் பற்றி இன்னொரு செய்தி: லகோட்டா உள்ளிட்ட பூர்வகுடிகளுக்கு அது புனித இடம். 1995-லிருந்து ஜூன் மாதம் முழுக்க ஏறாமல் இருக்கும்படி தேசியப் பூங்கா நிர்வாகம் கிளைம்பர்களைக் கேட்டுக்கொள்கிறது. கட்டாயமில்லை, வேண்டுகோள்தான். வீஸ்னர் ஏறியது ஜூனில் என்பது இப்போது படிக்கும்போது கண்ணில் படுகிறது.)

மழை பெய்தால் லீவு

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது மணற்கல் பக்கம் போகிறீர்கள் என்றால், மேலே சொன்ன அத்தனையிலும் முதலில் வருவது ஈரம். வெயில் அடித்து மேல்பரப்பு காய்ந்துவிட்டது என்பதால் பாறை காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே ஈரம் நாள் கணக்கில் தங்கும். அமெரிக்காவின் நெவாடாவில் ரெட் ராக் பாறைகளுக்குப் போகிறவர்கள் ஒரு எளிய சோதனை செய்வார்கள்: பாறை அடிவாரத்தில் மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பார்ப்பது. கீழே மண் ஈரமாக இருந்தால் பாறையும் ஈரம். அங்கே பெரிய மழைக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று நாள் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். இது பாறைக்கு மட்டுமான கரிசனம் இல்லை. ஈரக் கல்லில் நீங்கள் தொங்கும் பிடி உடைந்தால் அதோடு கீழே வருவது நீங்கள்தான்.

ஷூவில் ஒட்டிய மண்ணைத் துடைத்துவிட்டுக் கால் வையுங்கள். அந்த மணல்தான் உப்புக் காகிதம் மாதிரி பாறையைத் தேய்க்கிறது. காலை அழுத்தி வைத்து எழுங்கள், வழுக்கி வழுக்கி உதைக்காதீர்கள். சாக் அனுமதி இருக்கும் இடத்திலும் போட்டதை மிருதுவான பிரஷ்ஷால் துடைத்துவிட்டு வாருங்கள். கம்பி பிரஷ் எடுத்தீர்கள் என்றால் தோலே கையோடு வந்துவிடும். நெருப்பு மூட்டவே வேண்டாம், சூட்டில் மணற்கல் வெடித்து உதிரும். 2022 ஜூலையில் எல்பே பகுதியின் செக், ஜெர்மன் இரு பக்கமும் காடு நாள் கணக்கில் எரிந்ததை அங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை.

நம் பக்கத்தில் பலரும் வீக்கெண்டில் ஏறப் போகும் கர்நாடகாவின் பாதாமி பாறைகளும் மணற்கல்தான். எல்பே கல்லைவிடப் பல மடங்கு பழையது, கெட்டியானது, அதனால் எல்பே விதிகளை அப்படியே அங்கே கொண்டுபோக வேண்டியதில்லை. ஆனால் மழை முடிந்த மறுநாள் காலையிலேயே ஏறக் கிளம்பாதீர்கள்.

கடைசி ஏற்றங்கள்

டிரெஸ்டன் இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் அழிந்தது. பிறகு கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனிக்குள் போனது. வீஸ்னர் அமெரிக்கக் குடிமகன். ஆனாலும் வயதான காலத்தில் அவர் அங்கே திரும்பத் திரும்பப் போனார். 1970-களில் அமெரிக்காவின் முன்னணி இளம் கிளைம்பர்களைக் கூட்டிக்கொண்டும் போனார். உலகத்திலேயே நாம்தான் டாப் என்ற நினைப்போடு போன பையன்கள், தங்கள் உலோகச் சாமான்களையும் சாக் பையையும் கீழே வைத்துவிட்டு, முடிச்சுப் போட்ட கயிறோடு ஏற வேண்டியிருந்தது. இரும்புத் திரைக்குப் பின்னால், வெளியுலகத்துக்கு அதிகம் தெரியாமல், எல்பேக்காரர்கள் கடினத்தில் தங்களுக்குச் சமமாகவோ மேலாகவோ ஏறிக்கொண்டிருப்பதை அவர்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்தார்கள்.

எண்பது வயதைத் தாண்டிய பிறகும் வீஸ்னர் கங்க்ஸில் ஏறினார். 1988 ஜூலை 3 அன்று ஸ்டோவில் இறந்தபோது வயது 88. இரண்டு வருடம் கழித்து, 1990-ல், இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாகும் நேரத்தில், அவர் ஏறப் பழகிய கோபுரங்கள் தேசியப் பூங்காவாகின. மழை பெய்த மறுநாள் இன்றும் அங்கே ஏறக் கூடாது.